கொடையா, திருப்பித் தருதலா? ஒரு நினைவுக் கம்பத்தின் 77 ஆண்டுகள்

கனடாவின் மேற்குக் கரையில் 1929-இல் அடியோடு அறுக்கப்பட்டு ஸ்வீடனுக்குக் கொண்டுபோகப்பட்ட, உருவங்கள் செதுக்கிய ஒரு மர நினைவுக் கம்பம் 2006-இல் ஊர் திரும்பியது. ஐரோப்பிய அருங்காட்சியகம் ஒன்று கனடாவின் முதல்குடி மக்களுக்குத் திரும்ப அனுப்பிய முதல் கம்பம் இது. கேட்டதற்கும் கிடைத்ததற்கும் இடையே பதினைந்து ஆண்டுகள் போயின. அந்தப் பதினைந்து ஆண்டுகளில் என்ன பேசினார்கள், எந்த இடத்தில் சிக்கியது, எப்படி அவிழ்ந்தது என்பதை வரிசையாகப் பதிவு செய்வதே இந்தக் கட்டுரையின் வேலை. சம்பந்தப்பட்டவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன். 'கிப்ஸ்கோலாக்ஸ்' என்ற பெயர் மட்டும் வரும். அது தலைமுறை தலைமுறையாகக் கைமாறும் குலத்தலைவர் பட்டம்.

பின்னணி: அம்மை வந்த பிறகு

பிரிட்டிஷ் கொலம்பியாவின் வடகரையில், கடல் மலைகளுக்கு இடையே நெடுந்தூரம் உள்ளே நுழைந்து போகும் இடம் கார்ட்னர் கால்வாய். பெயரில்தான் கால்வாய், யாரும் வெட்டியதில்லை. பனியாறுகள் குடைந்துவிட்டுப் போன ஆழமான கடற்பள்ளம். அதன் தலைமாட்டில் கிட்லோப் ஆறு வந்து சேரும் பகுதியில் மிஸ்குசா என்ற ஊர் இருந்தது. அங்கே வாழ்ந்தவர்கள் ஹெனாக்சியாலா மக்கள். பின்னாளில், 1948-இல், கிட்டமாட் ஊரில் இருந்த ஹைஸ்லா மக்களோடு ஒன்றாகச் சேர்ந்தார்கள். இன்று இரு தரப்பையும் ஹைஸ்லா என்றே அழைக்கிறோம்.

1862-இல் விக்டோரியா நகரில் பெரியம்மை பரவியது. நகரத்தைச் சுற்றிக் கூடாரம் போட்டிருந்த வடக்கத்திய முதல்குடி மக்களை அதிகாரிகள் அங்கிருந்து விரட்டினார்கள். அவர்கள் படகேறி ஊர் திரும்ப, நோயும் கூடவே கரையெங்கும் போனது. ஊர் ஊராக மக்கள் மடிந்தார்கள். கழுகுக் குலத்தின் தலைவரான அன்றைய கிப்ஸ்கோலாக்ஸ், பிள்ளைகளையும் உற்றாரையும் அம்மைக்குப் பறிகொடுத்தார்.

துக்கத்தில் காட்டுக்குள் போன அவருக்கு முன்னால் சூடா என்ற ஆவி தோன்றியதாகவும், ஏன் அழுகிறாய் என்று கேட்டதாகவும், ஒளி ஊடுருவும் ஒரு பளிங்குக் கல்லைக் கொடுத்து, இறந்தவர்களைக் காண வழி சொன்னதாகவும் குடும்பத்தார் சொல்லி வருகிறார்கள். அந்தச் சந்திப்பையும், போனவர்களையும் நினைவில் நிறுத்த அவர் 1872-இல் எழுப்பியதுதான் இந்தக் கம்பம். சிவப்பு சிடார் மரம், ஏறத்தாழ 9 மீட்டர் உயரம். மூன்று உருவங்கள். உச்சியில் சூடா, தலையில் சுழலக்கூடிய தொப்பியோடு. நடுவில் அசோல்கெட் என்ற உருவம். அடியில் தண்ணீருக்குள் வாழும் பெருங்கரடி.

நினைவுக் கம்பம் நடுவது ஒரு வீட்டுக் காரியமாக முடிந்துவிடுவதில்லை. வேறு குலத்துச் செதுக்கர்களைக் கூலி கொடுத்து அமர்த்த வேண்டும். அக்கம்பக்கத்து ஊர்களை எல்லாம் அழைத்து விருந்து வைத்து, வந்தவர்களுக்குப் பரிசு கொடுக்க வேண்டும். அந்த விருந்துதான் பாட்லாச். பரிசு வாங்கியவர் சாட்சி ஆகிறார். இந்தப் பெயர் யாருடையது, இந்த உருவத்தைச் செதுக்கும் உரிமை எந்தக் குலத்துக்கு, எந்த ஆறு யாருக்கு என்பதெல்லாம் அந்தச் சபையில் உறுதியாகும். எழுத்தில் பத்திரம் வைத்துக்கொள்ளாத மக்களுக்குக் கம்பமே பத்திரம், விருந்துண்டவர்களே சாட்சிக் கையெழுத்து. ஹைஸ்லா மக்களிடம் பட்டம் மருமக்கள் வழியில் இறங்குகிறது: தாய்மாமனிடமிருந்து சகோதரியின் மகனுக்கு. எனவே ஒரு கம்பத்தைப் பற்றி முடிவெடுக்கும் அதிகாரம் அந்தப் பட்டத்தைத் தாங்கியவருக்கும் அவர் குலத்துக்கும் உரியது. பின்னால் நடந்தவை எல்லாம் இந்த ஒரு கேள்வியைச் சுற்றியே வருகின்றன.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அந்தக் கரையில் ஓயாமல் மழை. சிடாரின் வயிரம் தன் எண்ணெய்ச் சத்தால் நெடுநாள் தாங்கும் என்றாலும், மண்ணில் புதைந்த அடிப்பகுதி முதலில் உளுத்துப்போகும். ஒரு நாள் கம்பம் சாயும். சாய்ந்ததை முட்டுக் கொடுத்து நிறுத்துவது வழக்கம் இல்லை. அதன் காலம் முடிந்தது, அது மண்ணுக்குப் போகட்டும் என்று விட்டுவிடுவார்கள். தேவை என்றால் புதிதாக ஒன்றைச் செதுக்கி, மறுபடி விருந்து வைத்து நடுவார்கள்.

சட்டம் என்ன செய்தது

கனடா அரசு இந்தியர் சட்டம் என்று ஒன்றை வைத்திருந்தது. அங்கே 'இந்தியர்' என்றால் முதல்குடி மக்கள். அதில் 1884-இல் ஒரு திருத்தம் கொண்டுவந்து பாட்லாச் விருந்தைக் குற்றமாக்கினார்கள். தடை 1885 தொடக்கத்திலிருந்து 1951 வரை நீடித்தது. 1921 டிசம்பரில், இதே கரையில் தெற்கே வாழும் குவாக்வாகாவாக் மக்கள் நடத்திய ஒரு விருந்துக்காக 45 பேர் மீது வழக்குப் போட்டார்கள். முகமூடிகளையும் சடங்குப் பொருள்களையும் பறித்துக்கொண்டார்கள். விருந்து இல்லாமல் கம்பம் நட முடியாது, சாட்சி இல்லாமல் பட்டம் ஏற்க முடியாது. விருந்தைத் தடுத்ததும் இவை எல்லாமே சட்டவிரோதம் ஆயின.

அடுத்தது 1927 திருத்தம். கம்பங்கள் கண்மூடித்தனமாக விற்பனைக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. கல்லறை வீடுகள், செதுக்கிய கம்பங்கள், ஓவியம் தீட்டிய பாறைகள் ஆகியவற்றை அரசின் எழுத்துபூர்வ ஒப்புதல் இல்லாமல் யாரும் எடுக்கக் கூடாது என்று சட்டம் சொன்னது. பாதுகாக்கும் நோக்கம் அதில் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் யாரைக் கேட்க வேண்டும் என்ற இடத்தில் தலைநகரத்து அதிகாரியை உட்கார வைத்தது. கம்பத்தை நட்ட குடும்பத்தைக் கேட்க வேண்டும் என்ற எண்ணமே அந்தச் சட்டத்துக்கு இல்லை. அதே ஆண்டு, நில உரிமை கோரிக்கைக்காக முதல்குடி மக்களிடம் பணம் திரட்டுவதையும் தடை செய்தார்கள். பொருளைப் பறித்தால் வழக்குப் போடவும் வழி இல்லை என்ற நிலை.

1927 – 1929: அறுவை

ஸ்வீடனின் துணைத் தூதராக இருந்த ஒரு மர வணிகர், தன் நாட்டு அருங்காட்சியகத்துக்கு ஒரு கம்பம் வேண்டும் என்று 1927-இல் கனடா அரசின் இந்தியர் துறைக்கு எழுதினார். துறை, அந்த வட்டாரத்து இந்தியர் முகவரை, அதாவது அங்கே முதல்குடி மக்களைக் கண்காணித்த அரசு அதிகாரியை, கேட்டது. மிஸ்குசா அப்போது ஆளரவம் குறைந்த ஊர். அம்மையில் பிழைத்தவர்கள் பெரும்பாலும் வேறு ஊர்களுக்கு நகர்ந்திருந்தார்கள். மீன்பிடி காலத்தில் வந்து தங்கிப் போவார்கள். கடிதங்கள் போய் வந்தன, ஒப்புதல் கிடைத்தது. 1929-இல் கம்பத்தை அடியில் அறுத்துக் கப்பலேற்றினார்கள். தூதர் அதை ஸ்டாக்ஹோமில் உள்ள இனவியல் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார்.

காகிதத்தில் எல்லாம் சரியாகவே இருந்தது. ஹைஸ்லா தரப்போ, உரிமை உள்ள யாரும் சம்மதிக்கவில்லை, திரும்பி வந்து பார்த்தபோது கம்பம் இல்லை என்கிறது. என் பார்வையில் இரண்டுமே ஒரே நேரத்தில் உண்மை. ஒப்புதல் முறையாக வாங்கப்பட்டது. கொடுத்தவருக்குக் கொடுக்கும் உரிமை இல்லை. ஆளில்லாத ஊர் என்று முகவர் கண்ட அந்த வெறுமையே அம்மையின் விளைவு. இறந்தவர்களுக்காக நட்ட கம்பத்தை, இறந்ததையே காரணமாக வைத்து எடுத்துப் போனார்கள். இதை எழுதும்போது கை நிற்கிறது.

ஸ்டாக்ஹோமில் அது பல்லாண்டுகள் கிடங்கில் கிடந்தது. புதிய கட்டடம் வந்த பிறகு, 1980 வாக்கில், உள்ளே ஈரப்பதம் கட்டுப்படுத்திய கூடத்தில் நிமிர்த்தி வைத்தார்கள்.

1991: கம்பத்துக்கு முன்னால்

கம்பம் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளவே ஹைஸ்லா மக்களுக்கு அறுபது ஆண்டுகள் ஆயின. பெரியவர்கள் அதைப் பற்றிப் பேசிக்கொண்டேதான் இருந்தார்கள். 1991-இல் ஊரின் தலைமைப் பொறுப்பில் இருந்த ஒருவரும் கிப்ஸ்கோலாக்ஸ் குடும்பத்துப் பெண் ஒருவரும் ஸ்டாக்ஹோம் போனார்கள். உரிமையைச் சொன்னார்கள். கூடவே ஒரு யோசனையையும் வைத்தார்கள்: இதைத் தாருங்கள், உங்கள் கூடத்துக்கு எங்கள் கையாலேயே புதிதாக ஒன்றைச் செதுக்கித் தருகிறோம்.

பறிகொடுத்தவர்களே மாற்றுக் கம்பம் தருவதாகச் சொன்னது முதலில் எனக்கு உறுத்தியது. பிறகு யோசித்தால், விருந்து வைத்துக் கொடுத்துப் பெருமை பெறும் மரபில் வந்தவர்களுக்கு வெறுங்கையோடு கேட்பது பழக்கமில்லை. அருங்காட்சியகத்தார் அதை ஒரு பண்டமாற்றாகப் பார்த்திருக்கலாம். ஹைஸ்லா பார்வையில் அது உறவைத் தொடங்கும் முறை.

அதே ஆண்டுகளில் கிட்லோப் காட்டை வெட்டும் உரிமம் ஒரு மர நிறுவனத்திடம் இருந்தது. மரம் வெட்டினால் வேலை கிடைக்கும் என்ற வாக்குறுதியை ஹைஸ்லா மக்கள் மறுத்தார்கள். 1994-இல் நிறுவனம் இழப்பீடு கேட்காமல் உரிமத்தைக் கைவிட்டது. மூன்று லட்சம் எக்டேருக்கு மேல் பரந்த, கோடரி படாத மழைக்காட்டு ஆற்றுப்படுகை காப்பாற்றப்பட்டது. கம்பத்தைக் கேட்டதும் காட்டைக் காத்ததும் ஒரே ஆட்கள், ஒரே காலம். திரும்பி வரும் கம்பத்துக்கு நிற்க ஓர் இடம் இருந்ததற்கு இதுதான் காரணம்.

1994: ஒப்புதலும் நிபந்தனையும்

கம்பம் ஸ்வீடன் அரசின் உடைமை. ஆகவே அருங்காட்சியகம் தானாக முடிவெடுக்க முடியாது. 1994-இல் ஸ்வீடன் அரசு, கம்பத்தை ஹைஸ்லா மக்களுக்குக் கொடையாக வழங்கலாம் என்று அனுமதித்தது. இதில் 'கொடை' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். கொடை கொடுப்பவர் உடைமைக்காரர் ஆகிறார். 1929-இல் நடந்தது தவறா சரியா என்று பேசாமலே பொருளைக் கைமாற்ற அந்தச் சொல் உதவியது. பேச்சு முறியாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கொடைக்கு நிபந்தனை போடலாம், போட்டார்கள். நகல் கம்பம் வர வேண்டும் என்பது ஒன்று. மூலக் கம்பத்தை வெப்பமும் ஈரப்பதமும் கட்டுப்படுத்திய கட்டடத்தில் வைத்துக் காக்க வேண்டும் என்பது இன்னொன்று.

அருங்காட்சியகத்தார் பக்கம் நின்று பார்த்தால் இது இயல்பான கேட்பு. நூறு வயது கடந்த மரத்தை மழையில் விட்டால் போய்விடும், காப்பது அவர்கள் தொழில், அவர்கள் உண்மையிலேயே அந்தக் கம்பத்தை நேசித்தார்கள். ஆனால் கம்பம் மண்ணோடு மண்ணாகப் போக வேண்டும் என்பது அதை நட்டவர்களின் முறை. அழியாமல் வை என்று சொல்லி ஒரு நினைவுக் கம்பத்தைத் தந்தால், அதன் கடைசிச் சடங்கைச் செய்யாதே என்று சொல்லித் தருவதாகும். ஹைஸ்லா மக்களிடையேயும் இதில் ஒரே கருத்து இல்லை. இளையோர் பார்த்துக் கற்க உள்ளே வைத்துக் காப்போம் என்றவர்களும் உண்டு, மிஸ்குசாவுக்கே போகட்டும் என்றவர்களும் உண்டு. அது அவர்கள் உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டிய விஷயம். நிபந்தனை அந்தப் பேச்சைப் பல ஆண்டுகள் தள்ளிப்போட்டது.

எண்ணிக்கையில் மிகச் சிறிய ஒரு மக்கள், நகரத்து அருங்காட்சியகத் தரத்தில் கட்டடம் எழுப்பப் பணத்துக்கு எங்கே போவார்கள்? அங்கேதான் சிக்கியது.

2000: இரண்டு கம்பங்கள்

பணம் சேராத காலத்தில் செதுக்கும் வேலை நடந்தது. மூத்த ஹைஸ்லா செதுக்கர் ஒருவர் தலைமையில், அவருடைய உறவில் அடுத்த தலைமுறையினர் சேர்ந்து இரண்டு கம்பங்களைச் செதுக்கினார்கள். ஒன்று 2000-இல் மிஸ்குசாவில், பழையது நின்ற ஊரிலேயே, நடப்பட்டது. இன்னொன்று ஸ்டாக்ஹோம் போனது. அதன் கடைசி வேலைகளை அருங்காட்சியகத்தின் முன்னாலேயே, வந்து போவோர் பார்க்கச் செய்து முடித்தார்கள்.

கம்பம் செதுக்குவதில் முக்கியமான கருவி வாச்சி. நம் தச்சர்கள் பிடிக்கும் வாச்சி போலவே, பிடிக்குக் குறுக்காக அலகு. மரத்தின் ரேகை போகும் போக்கில் சிறு சிறு கொத்தாக இறக்கிக்கொண்டே வர வேண்டும். ஒவ்வொரு கொத்தும் ஒரு சிறு குழி. குழிகள் வரிசை பிசகாமல் அமைந்தால் மேற்பரப்பு மீன் செதில்போல் மின்னும். இதைப் புத்தகம் பார்த்துக் கற்க முடியாது. மூத்தவர் பக்கத்தில் நின்று, கை எந்தக் கோணத்தில் இறங்குகிறது என்று பார்த்துப் பழக வேண்டும். பாட்லாச் தடை இருந்த 66 ஆண்டுகளிலும், பிள்ளைகளை உறைவிடப் பள்ளிகளுக்குப் பிரித்துக் கொண்டுபோன காலத்திலும் அறுந்து போகும் நிலைக்கு வந்தது இந்தப் பக்கத்தில் நிற்றல்தான். அருங்காட்சியகம் தன் கூடத்துக்காகக் கேட்ட நகல், ஊரில் ஒரு குடும்பத்தின் கைகளுக்கு இந்தப் பழக்கத்தைத் திருப்பிக் கொடுத்தது. யாரும் திட்டமிட்டது இல்லை. இந்த நிகழ்வில் கிடைத்த பெரிய பலன் இதுதான் என்பேன்.

நகல் ஸ்டாக்ஹோம் சேர்ந்துவிட்டது. மூலம் மட்டும் வரவில்லை. பேசியபடி ஒரு தரப்பு கொடுத்துவிட்ட பிறகும் மறு தரப்பு கட்டடத்துக்காகக் காத்திருந்தது. இந்த ஆறு ஆண்டுகள்தான் எல்லாவற்றிலும் கசப்பானவை.

2006: ஊர் திரும்புதல்

கடைசியில் கட்டடம் எழும்பாமலே கம்பம் புறப்பட்டது. 2006 வசந்தத்தில் வான்கூவர் வந்து, பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மானிடவியல் அருங்காட்சியகத்தில் சில வாரங்கள் இருந்தது. ஜூலை 1 அன்று கிட்டமாட்டில் ஊர் கூடி வரவேற்றது. பக்கத்துத் தொழில் நகரமான கிட்டிமாட்டின் வணிக வளாகத்தில் கூரைக்கு அடியில் அதைப் படுக்க வைத்தார்கள். கடைகளுக்குப் போகும் வழியில் இறந்தவர்களின் நினைவுக் கம்பம். சிலருக்கு இது மனம் ஒப்பவில்லை. ஆனாலும் பள்ளிப் பிள்ளைகள் அருகில் போய்ப் பார்த்தார்கள், பெரியவர்கள் அதன்மேல் கை வைத்தார்கள்.

பின்னர் ஹைஸ்லா மக்கள் தங்கள் முடிவை எடுத்தார்கள். கம்பத்தைப் படகில் ஏற்றி மிஸ்குசாவுக்குக் கொண்டுபோய், மண்ணுக்குத் திரும்பட்டும் என்று அங்கே கிடத்தினார்கள்.

இன்று நடந்தால் எதை மாற்றுவது

முதலாவது, ஒப்புதல் இருக்கிறதா என்ற கேள்வியோடு நிறுத்தாமல், கொடுத்தவர் யார், அவருக்கு அந்த உரிமை எங்கிருந்து வந்தது என்று கேட்பேன். அருங்காட்சியகத்தின் கோப்பில் உள்ள அரசுக் கடிதம் பாதி ஆதாரம்தான். அந்தக் குலத்தின் பட்ட வழி, சாட்சியாக இருந்த குடும்பங்களின் வாய்மொழி ஆகியவை மறு பாதி. இரண்டையும் ஒரே மேசையில் வைத்துத் தொடங்கியிருந்தால் 'கொடை' என்ற சொல்லே வந்திருக்காது.

நிபந்தனை விஷயத்தில் எனக்குத் தயக்கமே இல்லை. திருப்பித் தரும் பொருளை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லும் உரிமை, தருபவருக்கு இல்லை. அக்கறை இருந்தால் பாதுகாப்பு வல்லுநரை அனுப்பலாம், அளந்து வரைந்து வைக்கலாம், பணம் கொடுக்கலாம். அதற்குமேல் பேச வேண்டியது ஊர்.

பின்னால் வந்த ஒரு நிகழ்வு, மாற்றம் சாத்தியம் என்று காட்டுகிறது. ஹைஸ்லாவுக்கு வடக்கே நாஸ் ஆற்றங்கரையில் வாழும் நிஸ்கா மக்களின் 11 மீட்டர் நினைவுக் கம்பம் ஒன்றும் அதே 1929-இல்தான் எடுக்கப்பட்டது. ஊரார் வேட்டைக்கும் அறுவடைக்கும் போயிருந்த சமயம். எடுத்தவர் ஒரு மானிடவியலாளர்; வாங்கியது எடின்பரோ அருங்காட்சியகம். 2022 ஆகஸ்டில் நிஸ்கா குழு அங்கே போய் முறைப்படி கேட்டது. டிசம்பரில் ஒப்புதல் வந்தது. 2023 செப்டம்பரில் இராணுவ விமானத்தில் கம்பம் ஊர் சேர்ந்தது. பதினைந்து ஆண்டு வேலை பதின்மூன்று மாதத்தில் முடிந்தது. அதற்குள் உலகம் மாறியிருந்தது என்பது ஒரு பக்கம். நிஸ்கா மக்களுக்கு 2000-இல் நடைமுறைக்கு வந்த உடன்படிக்கையின் மூலம் சொந்த ஆட்சியும், 2011 முதல் சொந்த அருங்காட்சியகமும் இருந்தன என்பது இன்னொரு பக்கம். கேட்கும் மக்களின் கையில் அதிகாரமும் இடமும் இருந்தால் பேச்சு வேறு மாதிரி போகிறது. அந்தக் கம்பத்தை அவர்கள் கட்டடத்துக்குள் நிறுத்தினார்கள். ஹைஸ்லா மக்கள் மண்ணில் கிடத்தினார்கள். அவரவர் முடிவு.

ஸ்டாக்ஹோமுக்காகச் செதுக்கிய கம்பம் இப்போது அருங்காட்சியகத்துக்கு வெளியே, திறந்த வெளியில் நிற்கிறது. மழை படுகிறது, குளிர்காலத்தில் பனி மூடுகிறது. சிடார் என்பதால் சில தலைமுறைகள் தாங்கும். பிறகு அடி உளுக்கும்.